சர்வீஸில் வந்த இதய நோய்: 20 வருஷம் கழிச்சும் ராணுவ இயலாமை ஓய்வூதியம் கேட்க முடியுமா? பழைய மெடிக்கல் பேப்பர் ஏன் முக்கியம்?

கடற்படையில் 15 வருஷம் வேலை பார்த்துவிட்டு தூத்துக்குடிக்குத் திரும்பிய ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சேரும்போது உடம்பில் எந்தக் குறையும் இல்லை. பத்தாவது வருஷத்தில் பி.பி. வந்தது. கப்பலில் இருந்தபோது ஒருமுறை நெஞ்சுவலி வந்து கடற்படை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரிலீஸ் ஆகும்போது மெடிக்கல் போர்டு ஒரே வரியில், 'இந்த நோய் சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் தீவிரமானதும் இல்லை' என்று எழுதிவிட்டது. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். இருபது வருஷம் கழித்து பைபாஸ் ஆபரேஷன். இப்போது இயலாமை ஓய்வூதியம், அதாவது டிஸபிலிட்டி பென்ஷன், கேட்க முடியுமா?

முடியும். ஆனால் கேஸ் நிற்பதும் விழுவதும் பைபாஸ் பில்லால் அல்ல, இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய சில தாள்களால்.

முதலில், நீங்கள் எந்த யூனிஃபார்ம்?

வேம்பாரில் இருந்து பெரியதாழை வரை நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் கடலுக்கு வேலைக்குப் போன எல்லாருக்கும் ஊரில் ஒரே பெயர்தான், 'கப்பல்காரர்'. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. அதன் பிறகும் கடல் வேலை இந்தக் கரையை விட்டுப் போகவில்லை. ஆனால் ஓய்வூதிய விதிக்கு ஊர்ப் பெயர் தெரியாது. அது மூன்று விதமான கப்பல்காரர்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது.

இந்தியக் கடற்படையில் இருந்தவர்களுக்கு ராணுவம், விமானப்படை போலவே ஆயுதப்படைகளுக்கான இயலாமை ஓய்வூதிய விதிகள் பொருந்தும். தகராறு என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதன் சென்னை அமர்வு.

கடலோரக் காவல்படை அப்படி இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது, தூத்துக்குடி துறைமுகத்திலேயே அதன் நிலையம் இருக்கிறது, வேலையும் கடலில்தான். ஆனாலும் ஓய்வூதியத்துக்கு மத்திய அரசு சிவில் ஊழியர் விதிகள்தான். பணியால் வந்த நோய்க்கு எக்ஸ்ட்ராஆர்டினரி பென்ஷன் விதிகள் என்று தனியாக இருக்கின்றன. ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றை மட்டுமே சொல்கிறது. அதனால் கோஸ்ட் கார்டுகாரர் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தூத்துக்குடிக்கு அது மதுரைக் கிளை. இது தெரியாமல் சென்னைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டால் மாதக்கணக்கில் நேரம்தான் வீண்.

வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஓய்வூதியமே கிடையாது. சி.டி.சி. புத்தகம் கையில் இருப்பதால் ஒருவர் முன்னாள் படைவீரர் ஆகிவிட மாட்டார். அவர்களுக்கான வழி வேலை ஒப்பந்தம், இன்சூரன்ஸ், வருங்கால வைப்புநிதி என்று வேறு பக்கம் போகிறது.

இனி இந்தக் கட்டுரை முப்படையினரைப் பற்றியது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் இருந்து ராணுவத்துக்குப் போனவர்களுக்கும் இதே விதிதான்.

சட்டம் யார் பக்கம்?

அடிப்படை நிபந்தனை இரண்டுதான். நோய் ராணுவ சேவையால் வந்திருக்க வேண்டும், அல்லது சேவையால் தீவிரமாகியிருக்க வேண்டும். இயலாமை 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

இதில் முதல் நிபந்தனையை யார் நிரூபிப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும். 2008-க்கு முன் சேவை முடித்தவர்களுக்குப் பொருந்துவது 1982-ம் ஆண்டின் தகுதி விதிகள். வீரர் சேரும்போது எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் இல்லை என்றால், அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கின்றன அந்த விதிகள். நிரூபிக்கும் சுமை வீரர் மேல் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்குத்தான். போர்க்களப் பகுதியிலும் கப்பலிலும் பணிபுரிந்தவர்களுக்கு அந்தப் பலனை இன்னும் தாராளமாகத் தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கப்பல் பணி அதில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருப்பது நம் கரைக்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம்.

உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது 2013 ஜூலை 2-ம் தேதி, தரம்வீர் சிங் வழக்கில். அவர் 1985-ல் ராணுவ சிக்னல் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1994-ல் வலிப்பு நோய் காரணமாக 20 சதவீத இயலாமையுடன் வெளியே அனுப்பப்பட்டார். நோய் உடம்பின் இயல்பால் வந்தது, சேவைக்குச் சம்பந்தமில்லை என்றது மெடிக்கல் போர்டு. ஆனால் சேரும்போது எழுதிய குறிப்பில் நோய் இல்லை. சேரும்போதே ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு போர்டு காரணமும் எழுதவில்லை. அதனால் ஓய்வூதியம் கொடுக்கச் சொன்னது கோர்ட். வழக்கு வலிப்பைப் பற்றியதாக இருந்தாலும், அதன் பிறகு இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எந்த கேஸ் வந்தாலும் வக்கீல்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சர்க்கரை நோய் வழக்கில், 'வாழ்க்கைமுறை நோய்' என்று மட்டும் எழுதிவிட்டு ஓய்வூதியத்தை மறுக்க முடியாது, காரணம் சொல்ல வேண்டும் என்றது.

அதற்காக கேஸ் போட்டவர்கள் எல்லாரும் ஜெயித்துவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், ஒருவருக்கு வந்த மனநோயை சேரும்போது நடக்கும் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தை மறுத்தது. போர்டு நல்ல காரணம் எழுதியிருந்தால் கோர்ட் அதை மதிக்கும். காரணமே எழுதாத போர்டுகள்தான் வீரர்களுக்குச் சாதகமாகின்றன.

15 வருஷம் என்ற கண்ணி

2008 ஜனவரி 1 முதல் விதிகள் மாறின. சர்வீஸில் இருக்கும்போது நோய் வந்தது என்பதாலேயே அது சேவையால் வந்ததாகிவிடாது என்று சேர்த்தார்கள். கூடவே இன்னொரு வரியும் வந்தது. இதைக் கவனமாகப் படிக்கணும்.

பொதுவாக வீரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் சேவை முடிந்து 15 வருஷத்துக்குப் பிறகு கிளைம் போட்டு, அதற்குள் அவருடைய சேவை ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும்.

ராணுவத்தில் ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்கள் 25 வருஷத்துக்குப் பிறகு அழிக்கப்படுகின்றன. நாலைந்து வருஷ சேவையில் உடம்பு சரியில்லை என்று வெளியே அனுப்பப்பட்டு, பென்ஷனே இல்லாமல் போனவர்களுக்குத்தான் இந்தத் தொகை அதிகம் தேவை. அவர்களுடைய காகிதங்கள்தான் முதலில் அழிகின்றன. இது விதியின் நியாயமான பகுதி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு சேவை முடித்தவர்களுக்கு மறுபடியும் புது விதிகள். 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று தொகைக்கே ஒரு புதுப் பெயர் வந்தது. வாழ்க்கைமுறை நோய்களுக்கு இயலாமை ஓய்வூதியம் அதிகமாகப் போகிறது என்று தணிக்கைத் துறை கேள்வி எழுப்பிய காலம் அது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றில் புது விதிகள் கடுமை என்று முன்னாள் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆக, முதலில் உங்கள் டிஸ்சார்ஜ் தேதியைப் பாருங்கள். எந்த விதி என்பதை அதுதான் முடிவு செய்யும்.

இதய நோயில் என்ன பார்ப்பார்கள்?

ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியில் இதய ரத்தக்குழாய் நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. போர்க்களப் பகுதி, உயரமான மலைப்பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி, நீண்ட நாள் கப்பல் பணி ஆகியவற்றில் இருந்தபோது நோய் வந்தாலோ கூடினாலோ, சேவையால் தீவிரமானது என்று ஏற்க இடமுண்டு.

மாரடைப்பு கேஸ்களில் இன்னொரு தாளும் வருகிறது. மாரடைப்பு வந்த நாளுக்கு முந்தைய 14 நாட்களில் அந்த வீரர் என்னென்ன டியூட்டி பார்த்தார் என்று யூனிட் எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது. இரவுக் காவல், நீண்ட பயணம், என்ஜின் ரூம் வேலை, புயல் நேரத்து மீட்புப் பணி எல்லாம் அதில் பதிவாகியிருந்தால் அந்த ஒரு தாள் கேஸையே திருப்பிவிடும். பலருக்கு இப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. கேட்காமல் யாரும் எடுத்துக் கொடுக்கவும் மாட்டார்கள்.

போன வருஷம் பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ எடுத்த ஆஞ்சியோகிராம் ஏன் போதாது? அது இன்றைய அடைப்பைக் காட்டும். அடைப்பு எப்போது ஆரம்பித்தது என்று காட்டாது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது பல வருஷ வேலை. 1990-களில் எடுத்த இ.சி.ஜி.யில் இதயத்தின் இடது கீழறை தடித்திருக்கிறது என்று எழுதியிருந்தால், அப்போதே பி.பி. நீண்ட நாளாக இருந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. சிக் ரிப்போர்ட்டில் வரிசையாக எழுதியிருக்கும் பி.பி. அளவுகளும் அப்படித்தான். சர்வீஸில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் பல வருஷம் கழித்து இதய வால்வைக் கெடுக்கும். அந்தக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தேதிதான் அங்கே ஆதாரம்.

பழைய காகிதம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லியாகணும். 'புகைப்பழக்கம் உண்டு', 'எடை அதிகம்' என்று அதில் எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் இன்னொரு நகல் அவர்களிடம் இருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் நோயே தெரிந்தது என்றால்? வெளியே வந்து 7 வருஷத்துக்குள் தெரிந்த நோய்க்கு விதியில் இடமிருக்கிறது. சேவைச் சூழலில் தொடங்கிய கோளாறு தாமதமாக வெளிப்பட்டது என்று மருத்துவ ரீதியாகக் காட்டணும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பொதுவாக இதய நோய், ரத்த அழுத்தம் போன்றவை வெளியே வந்த 1 வருஷத்துக்குள் தெரிந்தால், சேவையால் வந்ததாகவே அனுமானிப்பார்கள். நம் விதியில் காலம் நீளம், ஆனால் அனுமானம் இல்லை.

எந்தெந்தத் தாள் வேணும்?

வீட்டில் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருந்து தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் வெளியேறிய காரணமும் மருத்துவ வகையும் இருக்கும். ராணுவத்தில் 'ஷேப்' முறையில் ஐந்து எழுத்துக்கு ஐந்து எண் போடுவார்கள். அதில் 'பி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 1-க்கு மேல் எண் இருந்தால், உடல்நலத்தில் ஏதோ குறை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். இதய நோய் வருவது அந்த எழுத்தின் கீழ்தான்.

பழைய இ.சி.ஜி. இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் போட்டோ எடுங்கள். பல மெஷின்களின் இ.சி.ஜி. வெப்பத்தாளில் வருவது, நாளாக நாளாக வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் பல வருஷம் இருந்தாலும் எழுத்து போய்விடும். கடற்காற்று ஈரம் வேறு.

பெட்டியில் இல்லாததை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டர் போதும். பதில் தர 30 நாள். மனு போக வேண்டிய இடம் உங்கள் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்கு டெல்லி.

'என் மெடிக்கல் ரெக்கார்டு வேணும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம். மருத்துவ வகை மாற்றிய போர்டுகளின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 படிவங்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, அதோடு இணைத்த இதய நிபுணரின் கருத்து. ஆஸ்பத்திரியில் சேர்ந்த, வெளிவந்த குறிப்புகள். மாரடைப்பு என்றால் அந்த 14 நாள் டியூட்டிப் பட்டியல். முன்பே கிளைம் நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த உத்தரவு.

இவற்றில் உயிர்நாடி முதலும் மூன்றாவதும்தான். சேரும்போது சுத்தம், போகும்போது நோய். இந்த இரண்டு தாளுக்கும் நடுவே என்ன நடந்தது என்று விளக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ரிலீஸ் போர்டுத் தாளில் நோய் தொடங்கிய தேதி, இடம் என்று கேட்டிருப்பார்கள். அதைத் தவறாமல் பாருங்கள். அங்கே கப்பலின் பெயரோ எல்லைப் பகுதியோ எழுதியிருந்தும், கீழே காரணமே இல்லாமல் 'சேவைக்குச் சம்பந்தமில்லை' என்று இருந்தால், உங்கள் வக்கீலுக்கு அதைவிட நல்ல தாள் வேண்டாம்.

'அழிச்சுட்டோம்' என்று பதில் வந்தால்?

சோர்ந்துவிட வேண்டாம். அந்தப் பதிலே ஒரு ஆவணம். எந்தத் தேதியில், எந்த விதியில், எந்த உத்தரவில் அழித்தார்கள் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். 15 வருஷத்துக்குள்ளேயே நீங்கள் ஒரு மனு போட்டிருந்தால், அதன் நகல், பதிவுத் தபால் ரசீது, பழைய நிராகரிப்புக் கடிதம் எல்லாம் இப்போது பொன்.

உலகத்தில் இது எங்கும் நடப்பதுதான். 1973 ஜூலை 12-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி வீரர்களின் கோப்புகள் எரிந்தன. ஆவணம் அரசின் கையில் இருந்தபோது அழிந்ததால், அந்த வீரர்களின் கிளைம்களை அரசு கூடுதல் கவனத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று அங்கே நீதிமன்றங்கள் சொல்லின. நம் 2008 விதி சுமையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

எவ்வளவு கிடைக்கும்?

100 சதவீத இயலாமைக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்த இயலாமைக்கு அந்த விகிதத்தில் குறையும். ஆனால் 'பிராட் பேண்டிங்' என்று ஒரு சலுகை இருக்கிறது. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். முதலில் உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. முழு சேவையும் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கணக்கு இப்படி: கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், இயலாமை 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்துக்கு 12,000 ரூபாய். 30-ஐ 50 ஆக்கினால் மாதம் 6,000 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி. சாதாரண ஓய்வூதியம் வாங்குபவருக்கு இது கூடுதலாக வரும்.

அரியர்? 1983-ல் வெளியே அனுப்பப்பட்டு 1999-ல் கோர்ட்டுக்குப் போன தர்செம் சிங் என்ற வீரரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008-ல் கோடு போட்டது. ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம். ஆனால் பாக்கித்தொகை மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டும்தான். யோசித்துக்கொண்டே ஒவ்வொரு மாதமும் கழிய, பின்னால் ஒரு மாதப் பணம் கைவிட்டுப் போகிறது.

எங்கே போகணும்?

நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. கிளைம் நிராகரிக்கப்பட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது மேல்முறையீடு, இரண்டும் துறைக்குள்ளேயே. அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், இறுதி உத்தரவு வந்து 6 மாதத்துக்குள். தாமதம் என்றால் காரணம் சொல்லி மனு கொடுக்கணும். தீர்ப்பாயமும் கைவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும், காசு இல்லை. சைனிக் போர்டு அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் அமைக்க, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் 'வீர் பரிவார் சஹாயதா யோஜனா' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் கேட்டுப் பாருங்கள். 'அரியர் வந்ததும் பாதி கொடுங்க' என்று வருகிறவர்களிடம் ஒரிஜினல் பேப்பரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். போனால் போனதுதான்.

வீரர் இறந்துவிட்டார் என்றால், தீர்ப்பாயச் சட்டப்படி அவரைச் சார்ந்திருந்த மனைவியும் வாரிசுகளும் வழக்கு நடத்தலாம். சேவையால் வந்ததென்று ஏற்கப்பட்ட நோயே மரணத்துக்கும் காரணம் என்று காட்ட முடிந்தால், சாதாரண குடும்ப ஓய்வூதியத்தைவிட அதிகமான சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்துக்கும் கேட்கலாம். அதற்கு மரணத்துக்கான காரணம் எழுதிய மருத்துவச் சான்று வேணும். வெறும் இறப்புச் சான்றிதழ் போதாது. வீட்டிலேயே இறந்திருந்தால், கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் அதை அப்போதே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.